என்விடிஏவும் மேத்கேட்டும்: கணிதம் படிக்கும் பார்வையற்ற ஒருத்தியின் மதிப்புரை

பிளஸ் ஒன் சேர்க்கை நேரம் வந்துவிட்டால் எனக்கு போன் வர ஆரம்பிக்கும். பார்வையற்ற பிள்ளையின் அம்மாவோ அப்பாவோ பேசுவார்கள். “மேத்ஸ் குரூப்தான் வேணும்னு நிக்கிறா. ஸ்கூல்ல முடியவே முடியாதுங்குறாங்க. நீங்க எப்படிம்மா படிச்சீங்க?” என்று கேட்பார்கள். ஒவ்வொருவரிடமும் சொல்வதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். நான் கணிதத்தில் முதுகலை முடித்து, இப்போது கிராஃப் தியரியில், அதாவது முனைகளும் அவற்றை இணைக்கும் விளிம்புகளும் கொண்ட வலைகளைப் பற்றிய கணிதத்தில், ஆராய்ச்சி செய்கிறேன். பிறவியிலேயே பார்வை இல்லை. என் படிப்புக்குத் தினமும் கைகொடுப்பது ஒரு மென்பொருளும் அதனுடன் சேரும் ஒரு துணை நிரலும்: என்விடிஏ, மேத்கேட். இரண்டும் இலவசம்.

என்விடிஏ என்பது விண்டோஸ் கணினிக்கான திரைவாசிப்பான். திரையில் இருப்பதைக் குரலாகச் சொல்லும். பிரெயில் கருவி இணைத்திருந்தால் அதில் புள்ளிகளாகவும் காட்டும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006இல் இதை எழுதத் தொடங்கினார். அடுத்து அவருடைய நண்பர் ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். ஜாஸ் போன்ற திரைவாசிப்பான்கள் அதற்கு முன்பே நன்றாக வேலை செய்தன, ஆனால் விலை ஆயிரம் டாலர் அளவில் இருந்தது. பார்க்கிறவர் கணினி வாங்கினால் திரையும் கூடவே வருகிறது. நாங்கள் மட்டும் அதே கணினியைப் பயன்படுத்த இன்னொரு கணினியின் விலையைக் கொடுக்க வேண்டுமா என்பதுதான் அவர்கள் எழுப்பிய கேள்வி. என் அப்பா பேருந்து நடத்துநர். ஆயிரம் டாலர் என்றால் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எழுந்திருக்காது.

சரி, கணிதத்துக்கு வருகிறேன். மேத்கேட் இல்லாமல் என்விடிஏ தனியாக இருந்தால் கணிதத்தை ஒழுங்காக வாசிக்காது. சாதாரண எழுத்து ஒரே வரியில் இடமிருந்து வலமாக ஓடும். கணிதம் அப்படி ஓடாது. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஒரு கோடு, தலைக்கு மேல் ஒரு சின்ன 2, காலடியில் ஒரு சின்ன என். இந்த அமைப்பைச் சொல்லாமல் எழுத்துகளை மட்டும் வரிசையாகச் சொன்னால் அது கணிதமே இல்லை.

இருபடிச் சமன்பாட்டின் தீர்வுச் சூத்திரத்தை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததுதான். பிடிஎஃப் கோப்பில் இருந்தால் என்விடிஏ அதைக் கிட்டத்தட்ட இப்படி வாசிக்கும்: “எக்ஸ் ஈக்வல்ஸ் மைனஸ் பி பிளஸ் மைனஸ் பி 2 மைனஸ் 4 ஏசி 2 ஏ.” வர்க்கமூலக் குறி காணாமல் போயிருக்கும். பி வர்க்கம் ‘பி 2’ ஆகிவிடும். பின்னத்தின் கோடு இருந்த தடயமே இருக்காது. கடைசியில் நிற்கும் 2 ஏ தொகுதியிலா பகுதியிலா என்று தெரியாது. முன்பே மனப்பாடமாகத் தெரிந்த சூத்திரம் என்பதால் இதைச் சரிசெய்துகொள்ளலாம். முதல்முறை படிக்கிற தேற்றத்தில் என்ன செய்வது?

அதே சூத்திரம் ஒரு வலைப்பக்கத்தில் மேத்எம்எல் என்ற, அமைப்பையும் சேர்த்துக் குறிக்கும் முறையில் எழுதப்பட்டிருந்தால், மேத்கேட் இப்படிச் சொல்லும்: “எக்ஸ் ஈக்வல்ஸ், த ஃபிராக்‌ஷன் வித் நியூமரேட்டர், நெகடிவ் பி பிளஸ் ஆர் மைனஸ் த ஸ்கொயர் ரூட் ஆஃப், பி ஸ்கொயர்ட் மைனஸ் 4 ஏ சி, அண்ட் டினாமினேட்டர் 2 ஏ.” காற்புள்ளி வரும் இடத்தில் குரல் சற்று நிற்கும். அந்த நிறுத்தத்தில்தான் பின்னம் எங்கே தொடங்கியது, மூலக்குறி எங்கே முடிந்தது என்பதெல்லாம் பிடிபடும். மேத்கேட்டை எழுதியவர் நீல் சோய்ஃபர். இதற்கு முன் இதே வேலைக்கு மேத்பிளேயர் என்ற நிரல் இருந்தது, அதிலும் அவருடைய உழைப்பு உண்டு.

வாசிப்பது பாதிதான். என்னை முழுதாகக் கட்டிப்போட்டது அதற்குள்ளே நடந்து போக முடிவது. சமன்பாட்டின் மேல் நின்று என்விடிஏ விசையுடன் ஆல்ட், எம் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சூத்திரத்துக்குள் நுழையலாம். கீழ் அம்பு ஒரு படி உள்ளே இறங்கும், மேல் அம்பு வெளியே ஏற்றும், இட வல அம்புகள் பக்கத்து உறுப்புக்கு நகர்த்தும். பின்னத்தின் தொகுதிக்குள் மட்டும் போய், அங்கிருந்து மூலக்குறிக்குள் இறங்கி, அதற்குள் இருக்கும் இரண்டாவது உறுப்பை மட்டும் கேட்கலாம். நீளமான கோவையில் எண் விசைகளைக் கொண்டு அங்கங்கே அடையாளம் வைத்துவிட்டு, வேண்டும்போது தாவித் திரும்பலாம். ஒரு நிரூபணத்தில் மூன்றாவது வரியில் உள்ள கூட்டலும் ஆறாவது வரியில் உள்ள கூட்டலும் ஒன்றுதானா என்று ஒப்பிட, பார்க்கிறவர் கண்ணை ஓட்டுவார். எனக்கு அந்த ஓட்டம் அம்பு விசைகளில் கிடைக்கிறது.

இதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது, அதைப் பிறருக்குப் புரியவைப்பது கடினம். ஒருவர் படித்துக் காட்டித்தான் பாடம் கேட்க வேண்டும் என்ற நிலையில், “இன்னொரு தடவை” என்று எத்தனை முறை கேட்பது? இரண்டாவது முறை கேட்கும்போதே எதிரில் இருப்பவரின் குரல் மாறுவது நமக்குக் கேட்டுவிடும். புரிந்துவிட்டது என்று பொய் சொல்லிவிடுவோம். கணிதத்தை ஒருமுறை கேட்டுப் புரிந்துகொள்பவர் யாரும் இல்லை. ஒரே துணைத்தேற்றத்தை இரவு முழுக்கக் கேட்டாலும் மேத்கேட் அலுத்துக்கொள்ளாது.

ரஷ்யக் கணிதவியலாளர் லெவ் பொந்திரியாகின் 14 வயதில் ஸ்டவ் வெடித்துப் பார்வையை இழந்தவர். அவருக்குப் பாடங்களை வாசித்தது அவருடைய அம்மா. அந்த அம்மாவுக்குக் கணிதம் தெரியாது, குறியீடுகளின் பெயரும் தெரியாது. வெட்டுக் கணத்தின் குறியை “வால் கீழே” என்றும் சேர்ப்புக் கணத்தின் குறியை “வால் மேலே” என்றும் அவரே பெயர் வைத்து வாசித்திருக்கிறார். அப்படி ஓர் அம்மா கிடைத்ததால் உலகத்துக்கு ஒரு பெரிய கணிதவியலாளர் கிடைத்தார். அப்படி அம்மா கிடைக்காத பிள்ளைகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

ஆபிரகாம் நெமத் கதையும் அப்படித்தான். அமெரிக்காவில் பார்வையற்றவராகப் பிறந்த அவருக்குக் கணிதத்தில்தான் ஆசை. வழிகாட்ட வேண்டியவர்கள் அது உனக்குச் சரிவராது என்று சொல்லி உளவியல் பக்கம் தள்ளிவிட்டார்கள். அவர் அதில் முதுகலை முடித்தும் தகுந்த வேலை கிடைக்கவில்லை. வேலையில்லாத உளவியல்காரராக இருப்பதைவிட வேலையில்லாத கணிதக்காரராக இருக்கலாமே என்று அவர் மனைவி சொல்ல, கணிதத்துக்குத் திரும்பினார். டெட்ராய்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். தன் வேலைக்காக அவர் உண்டாக்கிய பிரெயில் கணிதக் குறியீட்டு முறைதான் 1952இல் வெளியான நெமத் கோடு. இன்று மேத்கேட் பிரெயில் கருவிக்கு அனுப்புவதும் அதே நெமத் கோடுதான், வேண்டுமானால் ஒருங்கிணைந்த ஆங்கில பிரெயில் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். குரலில் கேட்கும்போது மங்கலாக இருக்கும் இடங்கள் விரலில் தெளிவாகிவிடும். பிரெயில் காட்டி என் சொந்தமில்லை, துறையில் இருக்கும் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்துகிறேன்.

பள்ளியில் எங்களுக்குக் கணக்கு என்றால் டெய்லர் பலகைதான். எண்கோண வடிவத் துளைகள் கொண்ட பலகை. ஒரு முனையில் கோடும் மறுமுனையில் இரு புள்ளிகளும் கொண்ட ஈய அச்சை எட்டுத் திசைகளில் திருப்பி வைத்து எண்களையும் குறிகளையும் அமைப்போம். கூட்டல், பெருக்கல், நெடுவகுத்தல் எல்லாம் அதில் வரும். இன்றும் சின்னப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுங்கள் என்றுதான் சொல்வேன். எண்ணின் இடமதிப்பு விரலுக்குள் ஏறிவிடும். ஆனால் தொகையீட்டுக்கும் அணிகளுக்கும் அதில் இடமில்லை. எட்டாம் வகுப்புக்கு மேல் கணக்கு நமக்கில்லை என்று பலர் நம்பிவிட அந்தப் பலகையின் எல்லையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கணிதத்தைக் காதால் படிக்க வைப்பதில் நம் நாட்டவர் ஒருவர் முன்னோடி. டி.வி. ராமன், புனேயில் கணிதமும் ஐஐடி பம்பாயில் கணினி அறிவியலும் படித்தவர். 14 வயதில் பார்வையை இழந்தவர். 1994இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டத்துக்குச் செய்த ஆஸ்டர் என்ற நிரல், லேட்டெக்கில், அதாவது கணிதத்தை நேர்வரிசைக் கட்டளைகளாகத் தட்டச்சும் முறையில், எழுதிய கணிதத்தைக் குரலாக மாற்றியது. அடுக்கு எண் வந்தால் குரலின் சுருதியை ஏற்றிச் சொல்வது போன்ற யோசனைகள் அதில் இருந்தன. வழிகாட்டி நாயின் பெயரையே நிரலுக்கு வைத்தார். கரன், டே, நெமத், ராமன் என்று பார்த்தால், இந்தத் துறையின் கதவைத் திறந்த கருவிகளில் பலவற்றைச் செய்தவர்கள் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களே.

படிப்பது இருக்கட்டும், எழுதுவது எப்படி? அதற்கு லேட்டெக். பின்னம் வேண்டுமென்றால் பேக்ஸ்லாஷ் போட்டு ஃபிராக் என்று எழுதி, இரண்டு அடைப்புகளில் தொகுதியையும் பகுதியையும் தர வேண்டும். எல்லாமே நேர்வரிசை எழுத்து என்பதால் என்விடிஏ எழுத்து எழுத்தாக வாசித்துவிடும். உலகத்துக் கணிதவியலாளர்கள் எல்லாரும் இதில்தான் எழுதுகிறார்கள்; நமக்காகத் தனியாக ஒன்று செய்யத் தேவையில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போனால் தேடிப் பிடிப்பது சிரமம்தான், ஆனால் அது பார்க்கிறவர்களுக்கும் உள்ள சிரமம்.

தேர்வில் இதுதான் என்னைக் காப்பாற்றியது. ஸ்கிரைப், அதாவது நாம் சொல்லச் சொல்ல எழுதுபவர், வைத்து எழுதுவதில் வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. கணிதத்துக்கு? 2018ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நாமே அழைத்து வரும் ஸ்கிரைப்பின் கல்வித் தகுதி நம்மைவிட ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்று அப்போது இருந்தது. நடைமுறையில் வேறு பாடம் படித்த பெண்தான் கிடைப்பாள். “எப்சிலான் போடு” என்றால் எப்படி இருக்கும் என்று கேட்பாள். திருப்பிப் போட்ட 3 மாதிரி என்று, நான் ஒருநாளும் பார்த்திராத 3ஐ வைத்து அவளுக்கு விளக்க வேண்டும். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் தருகிறார்கள், அது இந்த விளக்கத்துக்கே போய்விடும். கணினியில் தேர்வு எழுதவும் அதே வழிகாட்டுதல் இடம் தந்தது. நான் படித்த இடத்தில் அப்படி ஒருவரும் முன்பு கேட்டதில்லை என்று இழுத்தார்கள், கடிதத்துக்கு மேல் கடிதம் கொடுத்த பிறகு ஒப்புக்கொண்டார்கள். முதுகலையின் கடைசிப் பருவத்தேர்வுகளை லேட்டெக்கில் நானே எழுதினேன். விடையில் உள்ள ஒவ்வொரு குறியும் என் கையால் போட்டது என்ற நினைப்போடு ஒரு தேர்வறையை விட்டு வெளியே வந்தது அப்போதுதான்.

அந்த நேரத்தில் கைகொடுத்தது என்விடிஏவின் இன்னொரு வசதி. அதைப் பென் டிரைவில் போட்டு எந்தக் கணினியிலும் செருகி ஓட்டலாம், நிறுவவே வேண்டாம். கல்லூரி லேப் கணினியில் புதிதாக எதையும் நிறுவ அனுமதிக்க மாட்டார்கள். பென் டிரைவைச் செருகினால் அரை நிமிடத்தில் அந்தக் கணினி பேச ஆரம்பித்துவிடும். பழைய கணினியானாலும், 4 ஜிபி நினைவகம் உள்ளதானாலும் ஓடுகிறது. கல்லூரிகளின் லேப் பொறுப்பாளர்களுக்கு இதைத் தெரிவித்தாலே பாதித் தடை விலகும்.

என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று கேட்டு, கிராஃப் தியரி என்றதும், “அது முழுக்கப் படமாச்சே!” என்பார்கள். படம் இல்லாமலும் அது முழுமையாக இருக்கிறது. பீட்டர்சன் கிராஃபை எல்லாரும் ஐங்கோணத்துக்குள் நட்சத்திரமாக வரைவார்கள். எனக்கு அது இப்படி: 1 முதல் 5 வரை உள்ள எண்களில் இருந்து இரண்டு இரண்டாக எடுத்தால் பத்து ஜோடிகள், அவைதான் பத்து முனைகள். பொதுவான எண் இல்லாத இரண்டு ஜோடிகளை இணைத்தால் அது விளிம்பு. 12ஐ எடுங்கள், அதோடு சேர்வது 34, 35, 45 மட்டும். ஆக ஒவ்வொரு முனையிலும் மூன்று விளிம்புகள், மொத்தம் பதினைந்து. இதில் முக்கோணம் ஏன் இல்லை? மூன்று ஜோடிகள் ஒன்றையொன்று தொடாமல் இருக்க ஆறு எண்கள் வேண்டும், நம்மிடம் ஐந்துதான். படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர் முக்கோணத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது, காரணம் எனக்கு அமைப்பிலேயே கிடைத்துவிடுகிறது. பல வகையான மனிதர்கள் ஒரு துறைக்குள் வந்தால் துறைக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இது.

சார்புகளின் வரைபடத்துக்கு வழி வேறு. டெஸ்மாஸ் கணிப்பான் வலைத்தளத்தில் சமன்பாட்டைத் தட்டிவிட்டு ஆல்ட், டி அழுத்தி, பிறகு எச் அழுத்தினால் வளைவரை ஒலியாகக் கேட்கும். இடக் காதில் தொடங்கி வலக் காதுக்கு நகரும். உயரம் கூடினால் சுருதி ஏறும். கோடு எக்ஸ் அச்சுக்குக் கீழே போனால் ஓர் இரைச்சல் சேரும். என்விடிஏயோடு நன்றாக ஒத்துப்போகிறது. சைன் வளைவைக் கேட்டுப் பாருங்கள், பார்க்கிறவர்களும் கேட்கலாம். புள்ளியியல் எடுப்பவர்களுக்கு ஆர் என்ற நிரல் மொழியில் பிரெயில்ஆர் என்ற தொகுப்பு உண்டு. ஹிஸ்டோகிராமை வார்த்தையில் விவரித்துவிடும். அதைச் செய்த ஜொனாதன் காட்ஃப்ரி நியூசிலாந்தின் மாசி பல்கலைக்கழகப் புள்ளியியல் ஆசிரியர், பார்வையற்றவர். வடிவியலுக்கு மட்டும் தொட்டு உணரும் படமே வேண்டும். ஐஐடி டெல்லியிலிருந்து கிளைத்த ரைஸ்டு லைன்ஸ் ஃபவுண்டேஷன் மேடெழும்பிய படங்களோடு பாடநூல்களைத் தயாரிக்கிறது. அதுபோலத் தமிழ்நாட்டுப் பாடநூல் ஒவ்வொன்றுக்கும் வர வேண்டும்.

இனிக் குறைகள். என்விடிஏவோடு வரும் இஸ்பீக் குரல் இயந்திரத்தனமாக இருக்கும். அதன் தமிழ் உச்சரிப்பு முதலில் காதைக் குத்தும். விண்டோஸில் உள்ள வள்ளுவர் என்ற தமிழ்க் குரலுக்கு மாற்றிக்கொள்ளலாம், இதமாக இருக்கும். ஆனால் வேகமாக ஓட்டினால் இஸ்பீக்தான் தெளிவு. கணிதத்தை நான் ஆங்கிலத்தில்தான் கேட்கிறேன். என் கணினியில் மேத்கேட் அதைத் தமிழில் சொல்வதில்லை. தமிழ் வழியில் படித்து வரும் பிள்ளைக்கு இது முதல் சுவர். தொகுதி, பகுதி, வர்க்கமூலம் என்று படித்தவள் நியூமரேட்டர், டினாமினேட்டர், ஸ்கொயர் ரூட் என்று பழக வேண்டியிருக்கிறது. மேத்கேட்டின் மொழி விதிகள் தனிக் கோப்புகளாக, யார் வேண்டுமானாலும் பங்களிக்கும் விதத்தில் திறந்தே இருக்கின்றன. கணிதமும் தமிழும் தெரிந்த சிலர் உட்கார்ந்தால் செய்துவிடலாம். நானும் வருகிறேன்.

இன்னொரு குறை இன்னும் ஆழமானது. இரண்டு நேர்கோடுகளுக்கு நடுவே ஜி என்று எழுதியிருந்தால் மேத்கேட் அதை ஜியின் மட்டு மதிப்பு என்று வாசிக்கும். குலக் கோட்பாட்டில் அது குலத்தின் வரிசை, அதாவது அதில் உள்ள உறுப்புகளின் எண்ணிக்கை. அடைப்புக்குள் ஏ, பி என்று இருந்தால் அது புள்ளியா, இடைவெளியா, மீப்பெரு பொது வகுத்தியா என்பது எழுதியவருக்குத்தான் தெரியும். பார்க்கிறவர்கள் சூழலை வைத்துத் தெரிந்துகொள்கிறார்கள், கருவி ஊகிக்கிறது. மேத்எம்எல்லின் அடுத்த பதிப்பில், எழுதுபவரே பொருளைக் குறித்துவைக்க வழி செய்கிறார்கள். அது பழக்கத்துக்கு வரும்வரை, கேட்பதை அப்படியே நம்பாமல் சூழலோடு வைத்துக் கேட்கப் பழகுவது நல்லது.

ஆனால் இந்தக் கருவியால் தாண்ட முடியாத தடை கருவிக்கு வெளியே இருக்கிறது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியர் கரும்பலகையை போட்டோ எடுத்துப் போடுகிறார். என்விடிஏ “கிராஃபிக்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நின்றுவிடும். அதிலேயே படத்தில் உள்ள எழுத்தை அறியும் வசதி இருந்தாலும் கணிதம் என்றால் சிதறிவிடும். மேத்பிக்ஸ் போன்ற சேவைகள் போட்டோவை லேட்டெக்காக மாற்றித் தருகின்றன, உதவியும் செய்கின்றன. கீழெழுத்து ஐ, ஜே இடம் மாறி வந்தால் என்னால் எதை வைத்துச் சரிபார்ப்பது? அந்தப் பாடம் எங்கோ ஒரு கணினியில் டெக் கோப்பாக, அதாவது லேட்டெக்கின் மூலக் கோப்பாக, இருக்கும். பல ஆசிரியர்கள் லேட்டெக்கில் தட்டச்சி, பிடிஎஃப் ஆக்கி, டெக் கோப்பைத் தங்களிடமே வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கோப்பையும் சேர்த்து அனுப்ப ஒரு நொடி ஆகாது.

பெரிய அளவில் இதைச் செய்து காட்டியிருப்பது ஆர்கைவ். 1991இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆய்வுக் கட்டுரைக் களஞ்சியம். அங்கே வருபவற்றில் பெரும்பாலானவை லேட்டெக் மூலத்தோடே வருகின்றன. 2023 டிசம்பரில் இருந்து பிடிஎஃப்போடு வலைப்பக்க வடிவத்திலும் கட்டுரைகளைத் தர ஆரம்பித்தார்கள். சுருக்கப் பக்கத்தில் எச்டிஎம்எல் என்ற இணைப்பு இருக்கும், சொடுக்கினால் கணிதம் எல்லாம் மேத்எம்எல். அதே ஆண்டு ஜனவரியில் குரோம் உலாவியும் மேத்எம்எல்லை மறுபடி ஏற்றுக்கொண்டிருந்தது. புதிதாக வந்த ஒரு கட்டுரையை, வெளியான அன்றைக்கே, மற்ற ஆராய்ச்சி மாணவர்களோடு சேர்ந்து நானும் படித்தேன். எல்லாக் கட்டுரையும் சரியாக மாறுவதில்லை, இடையில் சிவப்பு எழுத்துப் பிழைகள் வரும் என்கிறார்கள், எனக்கு அவை புரியாத சொற்களாகக் கேட்கும். இருந்தாலும் எனக்கு அதுவரை யாரும் இப்படி ஒரு நூலகத்தைத் திறந்துவிட்டதில்லை.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடு இடம் தருகிறது. இடம் அவசியம், அதைப் பெற்றுத்தர எங்கள் மூத்தவர்கள் தெருவில் நின்றார்கள். இடத்தில் உட்கார்ந்த பிறகு பாடம் வர வேண்டுமே. டெல்லியைச் சேர்ந்த பார்வையற்ற மாணவர் கார்த்திக் சாஹ்னி பதினோராம் வகுப்பில் அறிவியல் எடுக்கவே கல்வி வாரியத்திடம் போராடினார். ஐஐடி நுழைவுத்தேர்வு எழுத அனுமதி கிடைக்கவில்லை. 2013இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் முழு உதவித்தொகையோடு அழைத்துக்கொண்டது. அவருடைய மூளையில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்துகொள்ள ஒரு கடலைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது எனக்கு இன்றும் கோபம் தரும் விஷயம்.

வகுப்பறையில் வேண்டியது மிகச் சின்னது. “இதை இங்கே கொண்டுவந்தால் இது போயிடும், அப்போ இது மட்டும் நிக்கும்” என்று பலகையைக் காட்டிப் பேசுவதற்குப் பதில், “எக்ஸ் வர்க்கத்தை இடப்பக்கம் கொண்டுவந்தால்” என்று சொன்னால் போதும். எனக்கு அப்படிச் சொன்ன ஓர் ஆசிரியர் கிடைத்தார். முதல் வாரத்திலேயே என்னிடம், “என்ன கோப்பு அனுப்பினா உன் கம்ப்யூட்டர் படிக்கும்மா?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி மற்ற எந்த வகுப்பிலும் என் காதில் விழுந்ததில்லை. என் ஆராய்ச்சித் தலைப்பு அவர் வகுப்பில் இருந்துதான் வந்தது.

நிறுவ நினைப்பவர்களுக்கு: என்விடிஏவை என்வி ஆக்சஸ் தளத்தில் இருந்து இறக்குங்கள், நன்கொடை கேட்கும், கொடுக்காமலும் இறக்கலாம். இடைமுகத்தைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ள முடியும். உங்கள் பதிப்பில் மேத்கேட் ஏற்கெனவே இல்லையென்றால், என்விடிஏ பட்டியலில் கருவிகள் பகுதிக்குப் போய், துணை நிரல் அங்காடியில் மேத்கேட்டைத் தேடி நிறுவுங்கள். பேச்சுப் பாணியில் கிளியர்ஸ்பீக்கைத் தேர்வு செய்யுங்கள். விவரிப்பை முதல் சில மாதங்களுக்கு மிக விரிவானதில் வையுங்கள், பழகிய பின் சுருக்கத்துக்கு மாற்றலாம். பேச்சு வேகத்தைக் கணிதத்துக்கு மட்டும் குறைத்துக்கொள்ள அதிலேயே அமைப்பு உண்டு. பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள்; பிளஸ் ஒன் சேர்க்கைக்கு நிற்கும்போது, தலைமையாசிரியர் மேசையிலேயே லேப்டாப்பைத் திறந்து ஒரு சமன்பாட்டை அவளே படித்துக் காட்டட்டும்.